பாப்வாவின் பக்கத்தைச் சரிபார்த்துத் தாருங்கள்: ஆசிரியர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். வாசகர்களும் திருத்தக்கூடிய உங்கள் தளத்தில் உள்ள, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த தென்னாப்பிரிக்க கோல்ஃப் வீரர் செவ்சங்கர் ‘பாப்வா’ செவ்கோலத்தின் வாழ்க்கைக் குறிப்பைப் பற்றி ஏற்கெனவே உங்களுக்கு எழுதியிருக்கிறேன். மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கமாக: அவர் கோப்பையை வெளியே நின்று வாங்கியதற்கு வானிலைதான் காரணம் என்று அதில் இருந்தது, நிறவெறிச் சட்டம்தான் காரணம் என்று நான் திருத்தினேன். ஆனால் நான் திருத்திய வாக்கியம் இப்போது மறுபடியும் பழைய வடிவத்துக்கே மாற்றப்பட்டிருக்கிறது. காரணம் கேட்டால் “ஆதாரம் தேவை” என்ற இரண்டே சொற்கள். அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

உங்கள் பக்கத்தில் உள்ளபடியே அந்த வாக்கியம்: “1963 நேட்டால் ஓப்பன் போட்டியில் வென்ற பாப்வாவுக்கு, மோசமான வானிலை காரணமாக, கிளப் கட்டடத்துக்கு வெளியே கோப்பயை வழங்கினர்.”

இதை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். மழை பெய்தால் எந்த ஊரிலும் விழாவைக் கூரைக்கு அடியில்தான் நடத்துவார்கள். மழையைக் காரணம் காட்டி ஜெயித்தவரை வெளியே நிறுத்துவார்களா? இந்தக் கேள்வி உங்களில் ஒருவருக்குமா தோன்றவில்லை?

அன்று போட்டி நடந்த டர்பன் கன்ட்ரி கிளப்பில் மழை பெய்தது உண்மை. ஆனால் பாப்வா நனைந்தபடி கோப்பையை வாங்கியதற்குக் காரணம் வானிலை இல்லை, நிறவெறிச் சட்டம். எந்த இனத்தவர் எந்த இடத்தைப் பயன்படுத்தலாம் என்று பிரித்து 1950-இல் கொண்டுவந்த குழுப் பகுதிகள் சட்டத்தின் பெயரால், அந்தக் கட்டடத்துக்குள் வெள்ளையர் அல்லாதவர் விருந்தினராகக்கூடக் கால் வைக்க முடியாது. மைதானத்தில் வெள்ளைக்கார வீரர்களோடு ஆட அனுமதி கிடைத்தது. அவர்களை எல்லாம் தோற்கடிக்கவும் முடிந்தது. கதவைத் தாண்டி உள்ளே போக மட்டும் முடியவில்லை. அந்தக் காட்சியின் புகைப்படம் உலகமெங்கும் பத்திரிகைகளில் வெளிவந்தது. தென்னாப்பிரிக்காவை விளையாட்டு அரங்கிலிருந்து ஒதுக்க வேண்டும் என்று அப்போது எழுந்த குரல்களுக்கு அது வலு சேர்த்தது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்த நாட்டுக்கு இடம் இல்லாமல் போனது எந்தச் சூழலில் என்று புரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு அந்த ஒரு படம் போதும். நீங்கள் அதை வானிலை அறிக்கையாக்கி வைத்திருக்கிறீர்கள்.

சரி, ஆதாரம் கேட்டீர்கள். கேட்க வேண்டியதுதான், அதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. அதே கேள்வியை உங்கள் வாக்கியத்திடமும் கேட்டுப் பார்த்தீர்களா? அதற்கு அடிக்குறிப்பாக நீங்கள் கொடுத்திருக்கும் இணைப்பைத் திறந்து பார்த்தேன். அது ஒரு விளையாட்டுப் பொருள் விற்பனைத் தளம். அங்கே உங்கள் கட்டுரை வரிக்கு வரி அப்படியே இருக்கிறது. நான் பத்திரிகையில் மெய்ப்புத் திருத்துநராக இருந்தவன், எழுத்துப் பிழை கண்ணில் படாமல் போகாது. உங்கள் பக்கத்தில் உள்ள அதே “கோப்பயை”, ஐகாரம் விடுபட்டு, அங்கேயும் இருக்கிறது. உங்களிடமிருந்து அவர்கள் எடுத்திருக்கிறார்கள், அவர்களையே நீங்கள் சாட்சிக்கு அழைத்திருக்கிறீர்கள். இணைப்பை ஒருவர் திறந்து பார்த்திருந்தாலே இது தெரிந்திருக்கும். நான் கேட்பதும் அவ்வளவுதான்: ஆதாரத்தைத் திறந்து படித்துவிட்டு எழுதுங்கள்.

கோப்பையை ஜன்னல் வழியாக நீட்டினார்கள் என்று ஒரு கதையும் பல இடங்களில் உலவுகிறது. வெளியே நின்று வாங்கினார் என்பதுதான் வேறு பலர் சொல்வது. அந்த ஜன்னலைச் சேர்க்கச் சொல்லி நான் உங்களிடம் ஒருபோதும் கேட்கவில்லை. அன்றைய செய்தித்தாளையும் புகைப்படத்தையும் வைத்துப் பார்த்து, உறுதியானதை மட்டும் எழுதுங்கள். கொடுமையைக் கூட்டிச் சொல்லத் தேவையில்லை, நடந்ததே போதுமான அளவுக்குக் கொடுமை.

பக்கத்தின் மற்ற பகுதிகளையும் பாருங்கள். பிறந்த ஆண்டு தகவல் பெட்டியில் ஒன்று, முதல் பத்தியில் வேறொன்று. “இடது கை ஆட்டக்காரர்” என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வலது கைக்காரரைப் போலத்தான் நின்று அடித்தார். மட்டையைப் பிடித்த விதம்தான் வேறு. சாதாரணமாக வலது கை ஆட்டக்காரர் இடது கையை மேலேயும் வலது கையைக் கீழேயும் வைப்பார். பாப்வா தலைகீழாக, வலது கையை மேலே வைத்து இடது கையைக் கீழே வைத்துப் பிடித்தார். யாரும் சொல்லிக் கொடுக்காமல், மற்ற ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் ‘கேடி’யாக (caddie) வேலை பார்த்த காலத்தில் தானாகவே படிந்த பிடி அது. அந்தப் பிடியோடுதான் 1959, 1960, 1964 என்று மூன்று முறை டச்சு ஓப்பனை வென்றார். கோல்ஃப் தெரிந்தவர்கள் அவரைப் பற்றி முதலில் பேசுவதே அந்தப் பிடியைத்தான். அதையே தவறாக எழுதி வைத்தால் மீதியை யார் நம்புவார்கள்?

அவரை 1959-இல் ஐரோப்பாவுக்கு அழைத்துப் போக உதவிய டர்பன்காரர் கிரஹாம் உல்ஃபின் பெயரே உங்கள் கட்டுரையில் இல்லை. அதுகூடப் பரவாயில்லை. “1960-களின் பிற்பகுதியில் போட்டிகளிலிருந்து விலகினார்” என்ற வரியைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவர் விலகவில்லை. 1965-இல் அதே நேட்டால் ஓப்பனில், புகழ்பெற்ற வெள்ளை இனத் தென்னாப்பிரிக்க வீரர் கேரி பிளேயரைத் தோற்கடித்தார். பிளேயர் அந்த ஆண்டுதான் அமெரிக்க ஓப்பனை வென்று கோல்ஃபின் நான்கு பெரும் பட்டங்களையும் கைப்பற்றியவர் ஆனார். அப்படிப்பட்டவரை வென்றவருக்கு அதன் பிறகு அரசு உள்நாட்டுப் போட்டிகளில் ஆட அனுமதி மறுத்தது. ஆட விடாமல் தடுக்கப்பட்டவரை “விலகினார்” என்று எழுதினால், தடுத்தவர்களின் பெயர் அந்த வாக்கியத்திலிருந்தே காணாமல் போகிறது. 1978-இல் அவர் இறந்தது வறுமையில். அதற்கு முன் என்ன நடந்தது என்று உங்கள் பக்கத்தைப் படிக்கிற ஒரு பள்ளி மாணவனுக்குத் தெரியவே தெரியாது.

கோபமாக எழுதுகிறேன் என்று தோன்றினால், ஆமாம், கோபம்தான். பாப்வாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் கதையைத் தானே எழுதி வைக்க அவருக்கு வழி இருக்கவில்லை. நாட்குறிப்பு இல்லை, சுயசரிதை இல்லை. பிளேயரைப் பற்றி ஒரு ஆண்டு தப்பாகப் போனாலும் திருத்த ஆயிரம் பேர் வருவார்கள், அவரே தன் கதையைப் பல முறை எழுதியும் சொல்லியும் இருக்கிறார். பாப்வாவுக்கு அப்படி யாரும் இல்லை. மற்றவர்கள் எழுதுவதை மட்டுமே நம்பி இருக்கிற ஒரு மனிதரின் வரலாற்றில் கை வைக்கும்போது, கூடுதல் கவனம் வேண்டாமா? கோல்ஃபில் ஒரு குழிக்கு அடித்ததைவிடக் குறைத்து எழுதி, அந்த அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், ஆட்டக்காரரைப் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். வாழ்க்கைக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு அந்த அளவு கண்டிப்பு இல்லாவிட்டாலும் போகட்டும், போட்டதைத் திரும்பப் பார்க்கும் பொறுப்பாவது இருக்க வேண்டும்.

இது ஒரு பக்கத்தோடு நிற்கவும் இல்லை. தமிழில் விளையாட்டு வரலாறு தேடுகிற பிள்ளைக்கு முதலில் கண்ணில் படுவது உங்கள் தளம்தான். அங்கிருந்து பள்ளிக் கட்டுரைக்குப் போகிறது, யூடியூப் காணொளிக்குப் போகிறது, இப்போது கேள்வி கேட்டால் பதில் சொல்லும் இயந்திரங்களுக்கும் போகிறது. ஆயிரம் இடத்தில் பரவிய பிறகு, “எல்லோரும் இப்படித்தானே எழுதியிருக்கிறார்கள்” என்று அதுவே ஆதாரமாகிவிடுகிறது. சம்பளம் இல்லாமல், வேலை முடித்து வந்து இரவில் உட்கார்ந்து நீங்கள் செய்யும் வேலை இது என்று எனக்குத் தெரியும். அதன்மேல் மதிப்பு இருப்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். மதிப்பு இல்லாதிருந்தால் அந்த விற்பனைத் தளத்தை விட்டதுபோல உங்களையும் விட்டிருப்பேன்.

எனவே பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஆதாரத்தைத் திறந்து படித்துவிட்டு, “வானிலை காரணமாக” என்பதை எடுத்துவிட்டுச் சட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள். “விலகினார்” என்பதை “தடுக்கப்பட்டார்” என்று மாற்றுங்கள். மட்டைப் பிடியைச் சரியாக விளக்குங்கள். பிறந்த ஆண்டை உறுதி செய்யும் வரை, இரண்டு ஆண்டுகளையும் கொடுத்து ஐயம் உள்ளது என்று குறிப்பிடுங்கள். அந்த விற்பனைத் தள இணைப்பை நீக்குங்கள். அப்புறம், இவற்றைச் சரிபார்த்தவர் யார், எந்த நாளில், எதை வைத்துச் சரிபார்த்தார் என்பதை, கட்டுரையின் திருத்தங்களை விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் பதிந்து வையுங்கள், அடுத்து வருகிறவர் பழைய வாக்கியத்தை மீட்டுவிடாமல் இருக்க அது உதவும். நான் திரட்டிய பழைய செய்தித்தாள் நகல்களை உங்கள் குழு முகவரிக்கு மறுபடியும் அனுப்பியிருக்கிறேன். அவற்றில் எது போதாது என்று சொன்னால், வேறு தேடித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தளத்தின் நெடுநாள் வாசகன்