நிலையான பதிவேடுகளை அழியாத மையில் எழுத உத்தரவிட வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்
ஓய்வு பெற்ற பதிவறை எழுத்தர்,
வட்டாட்சியர் அலுவலகம்.
(பெயரும் முகவரியும் இணைப்பு 1இல்)

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
வருவாய் நிர்வாகம்,
எழிலகம், சேப்பாக்கம்,
சென்னை – 600 005.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: வட்ட அலுவலகங்களிலும் கிராம நிர்வாக அலுவலகங்களிலும் பராமரிக்கப்படும் நிலையான பதிவேடுகள் – எந்த மையில் எழுதலாம், எதில் எழுதக்கூடாது என்று வரையறுத்துச் சுற்றறிக்கை அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

வணக்கம். நான் வட்டாட்சியர் அலுவலகப் பதிவறையில் எழுத்தராக 27 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நிலத்தின் உரிமையும் பரப்பும் காட்டும் அ-பதிவேடு, சாகுபடிக் கணக்கான அடங்கல், நில எல்லைகளை வரைந்த புலப்படம், பிறப்பு இறப்புப் பதிவேடு என்று என் கையில் எடுத்துக் கொடுக்காத பதிவேடு இல்லை. எந்தப் பதிவேட்டை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும், எதை எப்போது அழிக்கலாம் என்று எங்களுக்குத் தெளிவான விதிகள் இருந்தன. ஆனால் அந்த ஆண்டுகள் முடியும்வரை எழுத்து தாளில் நிற்குமா என்பதைத் தீர்மானிக்கும் மையைப் பற்றி எழுத்து மூலமான அறிவுரை ஒன்றுகூட என் பணிக்காலத்தில் என் மேசைக்கு வந்ததில்லை. கடையில் எந்தப் பேனா கிடைத்ததோ, எழுதுபவரின் சட்டைப்பையில் எது இருந்ததோ, அதுவே பதிவேட்டில் ஏறியது. அதனால் நேர்ந்ததை நேரில் கண்டவன் என்ற முறையில் இம்மனுவைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

ஒரு ஐப்பசி மழையில் பதிவறைக் கூரை ஒழுகி, கீழ்த்தட்டிலிருந்த பதிவேடுகள் இரவு முழுவதும் நனைந்து கிடந்தன. காலையில் அவற்றை வராந்தாவில் விரித்துக் காயவைத்தபோது, 1958ஆம் ஆண்டு இறப்புப் பதிவேடும் 1994ஆம் ஆண்டு இறப்புப் பதிவேடும் அருகருகே கிடந்தன. 1958இன் தாள் உப்பிப் பழுப்பேறியிருந்தது. ஆனால் எழுத்துகள் எறும்பு வரிசை போலக் கறுப்பாக, ஒரு புள்ளி விடாமல் நின்றன. 1994இன் பக்கங்களோ முழுவதும் வெளிர்நீலமாக ஊறிக் கிடந்தன. வரி இருந்த இடத்தில் பேனா முள் கீறிய பள்ளம் மட்டுமே மிஞ்சியிருந்தது. 36 ஆண்டுகள் மூத்த பதிவேடு பிழைத்தது, இளையது போய்விட்டது. இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே தண்ணீரில் நனைந்தவை. வேறுபாடு மையில் மட்டுமே இருந்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு மூதாட்டி, 1994இல் இறந்த தம் கணவரின் பதிவைக் கேட்டு வந்தார். அந்தப் பக்கத்தை மேசையில் வைத்து, டார்ச் விளக்கைத் தாளோடு சாய்த்துப் பிடித்து, முள் கீறிய பள்ளத்தின் நிழலைக் கொண்டு படிக்க முயன்றேன். பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் தெரிந்தன. தேதி தெரியவில்லை. நீதிமன்ற உத்தரவு பெற்று வாருங்கள் என்று சொல்லி அனுப்புவதைத் தவிர எங்களுக்கு வழியில்லாமல் போயிற்று. அந்த அம்மையார் எந்தத் தவறும் செய்யவில்லை. உரிய காலத்தில் பதிவு செய்துவிட்டு, அரசின் பொறுப்பில் அந்தப் பதிவை விட்டுச் சென்றவர் அவர்.

1958இல் எழுதப்பட்டது ‘புளூ பிளாக்’ என்று நாங்கள் சொல்லும் நீலக்கருப்பு மை. கடுக்காய், மாசிக்காய் போன்றவற்றின் துவர்ப்புச் சத்தும் அன்னபேதி எனப்படும் இரும்பு உப்பும் சேர்ந்தது அது. எழுதும்போது கண்ணுக்குத் தெரிவது அதில் கலந்துள்ள நீலச் சாயமே. காற்றுப் பட்டதும் இரும்பும் துவர்ப்பும் சேர்ந்து தாளின் நாருக்குள்ளேயே கறுத்து, தண்ணீரில் கரையாத பொருளாகிவிடுகின்றன. நீர் பட்டால் சாயம் போகும், எழுத்து போகாது. காலப்போக்கில் மங்கினாலும் இரும்பின் தடம் தாளில் இருப்பதால், புற ஊதா விளக்கில் பெரும்பாலும் படித்துவிடலாம். இங்கிலாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளுக்கு இம்மையைப் ‘பதிவாளர் மை’ என்ற பெயரிலேயே வைத்து எழுதினார்கள். நம் நாட்டிலும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இவ்வகை மைக்குத் தனியே தர அளவு வகுத்துள்ளது.

1980இல் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்படும்வரை, எங்கள் குடும்பத்தில் கர்ணம் என்னும் கிராமக் கணக்கர் வேலை இருந்தது. பாட்டனார் கடுக்காயை இடித்து இரும்புச் சட்டியில் ஊறவைத்துக் காய்ச்சி, அன்னபேதியும் கருவேலம் பிசினும் சேர்த்து, துணியில் வடிகட்டி மைக்கூட்டில் ஊற்றுவார் என்று என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த மையையே திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அன்னபேதி அளவு மீறினால் மையின் அமிலம் தாளைத் தின்னும். எழுத்தின் வடிவிலேயே ஓட்டை விழுந்த பக்கங்களையும் பதிவறையில் பார்த்திருக்கிறேன். அளவறிந்து தயாரித்த மையே நமக்கு வேண்டும்.

1994இல் எழுதப்பட்டது ‘ராயல் ப்ளூ’ என்னும் வெறும் சாய மை. பள்ளிப் பிள்ளைகளின் சட்டையில் பட்டால் துவைத்ததும் போக வேண்டும் என்பதற்காகவே நீரில் கரையும்படி செய்யப்படுவது அது. அந்த வேலைக்கு அது நல்ல மைதான், பதிவேட்டுக்கு ஆகாது. சிவப்பு மையின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. பழைய புலப்படங்களில் எல்லைக் கோடுகள் இந்தியன் இங்க் என்னும் கரி மையால் வரையப்பட்டவை. விளக்குப் புகைக் கரி போன்ற அந்தக் கரி வெயிலுக்கும் மங்காது, நீருக்கும் கரையாது. ஓலைச்சுவடியில் எழுத்தாணி கீறிய தடத்தில் நம் முன்னோர் தடவியதும் கரிதான். ஆனால் பிற்பாடு செய்த உட்பிரிவுகளைச் சிவப்பு மையில் வரைந்தோம். சாதாரணச் சிவப்பு மைகளில் பெரும்பாலும் இருப்பது இயோசின் என்ற சாயம். அது வெளிச்சத்தில் வெளுக்கும், ஈரத்தில் பரவும். தாய்ப் புலத்தின் எல்லை திடமாக நிற்க, அண்ணன் தம்பி பாகம் பிரித்த கோடு ரோஜா நிறமாகி மறைந்துவரும் படங்கள் என் கையில் இருந்திருக்கின்றன. எல்லைத் தகராறு என்று வருவோர் கேட்பது பெரும்பாலும் அந்த உட்பிரிவுக் கோட்டைத்தான்.

சாதாரணப் பால்பாயிண்ட் பேனாவின் மை எண்ணெய்ப் பசை போன்றது; தண்ணீரைத் தாங்கும். ஆனால் சாராயச் சத்துள்ள எதிலும் கரையும். கொரோனா காலத்தில் அலுவலக மேசைதோறும் வைத்த கைகழுவும் சானிடைசர் ஈரத்தோடு பதிவேட்டைப் புரட்டியபோது கையொப்பங்கள் ஊதா நிறமாய் ஊறியதைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஒரு தொகையையோ பெயரையோ கழுவி எடுத்து வேறு எழுத நினைப்பவருக்கும் இதே வழி போதும். ஜெல் பேனாக்களில் சாயத்தால் ஆனவையும் உண்டு, கரையாத நிறமித் துகளால் ஆனவையும் உண்டு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், பயனில் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, எழுதிவிட்டு ரப்பரால் தேய்த்து அழிக்கக்கூடிய புதுவகை ஜெல் பேனா. தேய்க்கும்போது உண்டாகும் சூட்டில் அதன் மை நிறமிழக்கிறது. ஏறத்தாழ 60 டிகிரி வெப்பத்திலேயே மறைந்துவிடும் என்பதால், வெயிலில் நிறுத்திய ஜீப்பில் வைத்த கோப்புகூட வெற்றுத் தாளாகத் திரும்பக்கூடும். மாணவர்கள் குறிப்பெடுக்க உதவும் இந்தப் பேனா அரசு அலுவலக மேசையில் இருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பொதுமக்கள் கைக்குப் போகும் தாள்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சிறு இயந்திரத்தில் அச்சிட்டுத் தரப்படும் ரசீதில் மை என்பதே கிடையாது. தாளில் பூசிய மருந்து சூட்டில் கறுப்பதே எழுத்தாகத் தெரிகிறது. பத்திரமாக இருக்கட்டும் என்று மக்கள் அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைக்கிறார்கள். அந்த உறையிலுள்ள மென்மையூட்டியே எழுத்தை வெளுக்கச் செய்கிறது. சாய மை இங்க்ஜெட்டில் அச்சிட்ட சான்றிதழில் ஒரு சொட்டு மழை விழுந்தாலும் எழுத்து கரைகிறது. முத்திரையின் ஊதா மையும் வெளிச்சத்தில் மங்குவதே.

மையின் அருமை நம் துறைக்குத் தெரியாததல்ல. 1962 பொதுத்தேர்தல் முதல் வாக்காளர் விரலில் வைக்கப்படும் மை, வெள்ளி நைட்ரேட் கலந்து மைசூரு பெயிண்ட்ஸ் அண்டு வார்னிஷ் நிறுவனத்தில் தயாராகி, குப்பி குப்பியாகக் கணக்கிட்டு வாக்குச்சாவடிக்கு வருகிறது. அந்தக் குப்பிகளைக் கையெழுத்திட்டு வாங்கி, மீந்ததைத் திருப்பி ஒப்படைத்த ஊழியர்களில் நானும் ஒருவன். சில வாரங்கள் மட்டுமே நிற்க வேண்டிய விரல் மைக்கு நாம் காட்டும் இந்தக் கவனத்தில் ஒரு பங்கை, நூறாண்டு நிற்க வேண்டிய பதிவேட்டு மைக்கும் காட்ட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

எல்லாம் கணினியில் ஏறிவிட்டதே என்று கேட்கப்படலாம். பட்டாவும் சிட்டாவும் இணையத்தில் கிடைப்பது மக்களுக்குப் பெரும் உதவி. ஆயினும் கணினிப் பட்டாவில் பெயரோ சர்வே எண்ணோ பரப்போ பிழையாக இருந்தால், திருத்தம் கோரும் மனுவின் மேல் நாம் முதலில் தேடி எடுப்பது பழைய அ-பதிவேட்டைத்தான். மங்கிய பக்கத்தை ஒளிவருடினால் கிடைப்பதும் மங்கிய படமே.

ஆகவே, நிலையாகப் பாதுகாக்க வேண்டிய எந்தப் பதிவேட்டிலும் கையால் எழுதும் பதிவும் கையொப்பமும் நீலக்கருப்பு இரும்பு மையிலோ, ஆவணப் பயன்பாட்டுக்கு உரியதென ஐ.எஸ்.ஓ. 12757-2 (பால்பாயிண்ட்) அல்லது 27668-2 (ஜெல்) தரக் குறி பெற்ற பேனாவிலோ மட்டுமே இருக்க வேண்டும் என்றும், சூட்டில் அழியும் பேனாக்களை அலுவலகங்களில் அறவே தடை செய்தும் சுற்றறிக்கை அனுப்புமாறு பணிவுடன் வேண்டுகிறேன். புலப்படத்தின் சிவப்புக் கோடுகளுக்கும், அலுவலர்கள் பச்சை மையில் இடும் கையொப்பங்களுக்கும் நிறமி மைகளையே வழங்க வேண்டும். இந்த மைகளை எழுதுபொருள் வழங்கலிலேயே சேர்த்துவிட்டால், கிராம நிர்வாக அலுவலர் தம் சொந்தக் காசில் கிடைத்த பேனாவை வாங்கி எழுத நேராது. சான்றிதழ்களை லேசர் அச்சிலோ நிறமி மை அச்சிலோ வழங்கவும், வெப்பத்தாள் ரசீதின் மீது ‘நகல் எடுத்து வைத்துக்கொள்ளவும்’ என்று தமிழில் அச்சிடவும் ஆணையிட வேண்டுகிறேன்.

இவற்றுள் ஒன்றை முதலில் செய்ய இயலுமெனில், மங்கிவரும் சிவப்பு உட்பிரிவுக் கோடுகளுள்ள புலப்படங்களை இப்போதே கணக்கெடுக்கச் சொல்லுங்கள். மற்றவை இனி எழுதப்போவதற்கு. இது நாளுக்கு நாள் போய்க்கொண்டிருப்பது. கண்ணுக்குத் தெரியும்போதே அவற்றைப் படமெடுத்து, அளவுகளைச் சரிபார்த்துக் கரி மையில் மறுவரைவு செய்துவிட்டால் பின்னாளில் ஏராளமான வழக்குகள் தவிரும்.

ஏழு வகைப் பேனாக்களால் ஒரே வாசகத்தை எழுதி, மூன்றாக வெட்டி, ஒரு பகுதியை ஆறு மாதம் வெயில் படும் சன்னலில் தொங்கவிட்டும், ஒன்றை அரை மணி நேரம் நீரில் ஊறவைத்தும், மற்றொன்றைச் சானிடைசரால் துடைத்தும் பார்த்த தாள்களை இணைப்பு 2ஆக வைத்துள்ளேன். ஐந்தாம் தாளில் வெயில் பட்ட துண்டு வெறுமையாக இருப்பது இணைப்பில் நேர்ந்த பிழையன்று; அதிலும் எழுதித்தான் இருந்தேன். இம்மனு நீலக்கருப்பு மையில் எழுதப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற பதிவறை எழுத்தர்

இணைப்பு:
1. பெயர், முகவரி, ஓய்வூதிய ஆணை நகல்
2. மை மாதிரித் தாள்கள் – 7