அழுதால் பயப்படாதே, பாப்பா

பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

போனில் பேசினால் பாதி வார்த்தை குழறுகிறது, மீதியை உன் அம்மா சொல்லி முடித்துவிடுகிறாள். அதனால்தான் எழுதுகிறேன். பக்கவாதம் இடது பக்கத்தோடு விட்டது, எழுதுகிற கை பிழைத்தது. இடது கை காகிதத்தைப் பிடிக்காது, அதனால் மேலே தண்ணீர்ச் சொம்பை வைத்திருக்கிறேன். ஈர வட்டம் தெரிந்தால் அதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேரன் பல் விழுந்த ஓட்டையைக் காட்டினான். நான் ஓவென்று அழுதேன். பாரீசில் நீ தூங்காமல் அம்மாவுக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டாயாம். எனக்கு வந்தது சிரிப்பு, பாப்பா. கிளம்பின சிரிப்பு வாய்க்கு வருவதற்குள் அழுகையாகிவிடுகிறது. நரம்பு டாக்டரிடம் கேட்டேன். அழுகை, சிரிப்பை அடக்கி வைக்கிற மூளை நரம்புகள் அடிபட்டால் இப்படி ஆகுமாம். வாதம் வந்த நிறையப் பேருக்கு உண்டாம். மனச்சோர்வு வேறு, இது வேறு, தொந்தரவு அதிகமானால் மாத்திரை இருக்கிறது என்றார். பிரேக் தேய்ந்த தறி என்று நான் புரிந்துகொண்டேன்.

ஊருக்கு யார் சொல்வது? வைகாசியில் உன் சித்தப்பா மகள் வளைகாப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். வளையல் போட வந்த பெண்கள் அப்படியே நின்றார்கள். "நல்ல காரியத்துல இப்படியா" என்று ஒரு குரல் கேட்டது. அம்மா என்னை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டாள். அப்புறம் எந்தப் பத்திரிகை வந்தாலும் அவள் மட்டும் போய் மொய் எழுதிவிட்டு வருவாள். நானும் சரி என்று கிடந்தேன்.

ஜூலை 30 அன்று மில் சினேகிதர்கள் வாசலில் வந்து நின்றார்கள். 1936-ல் நம் புதுச்சேரி மில் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் செத்த 12 தொழிலாளிகளுக்கு மாலை போடுகிற நாள். சின்ன வயதில் என் தோளில் உட்கார்ந்து வந்திருக்கிறாய். உடம்பு எப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை, "நடையா, ஆட்டோவா?" என்று மட்டும் கேட்டார்கள். கைத்தடியை ஊன்றி நின்றேன். கோஷம் போட வாயைத் திறந்ததும் அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியவருக்கு அந்த நாள் ஞாபகம் வந்துடுச்சு" என்றான். அந்த நாளில் என் அப்பாவுக்கே பால்பல் விழுந்திருக்காது! சிரிப்பு தாங்கவில்லை, அதுவும் அழுகையாகவே வந்தது. பையன் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

இப்போது தினமும் கடற்கரைச் சாலைக்குப் போகிறேன், சாயங்காலம் 6 மணிக்கு மேல், வண்டிகளை விடாத நேரத்தில். டீ அரை கிளாஸ்தான், முழுசாக வாங்கினால் இடது ஓரமாக வழிகிறது. வழிந்தால் பக்கத்தில் இருப்பவர் பேச்சை நிறுத்தாமல் துண்டைத் தள்ளுவார். புதிதாக யார் வந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "திடீர்னு அழுவேன். வாதத்தால வர்றது, துக்கம் இல்ல. நீங்க பாட்டுக்குப் பேசுங்க."

தையில் உன் அத்தை வீட்டுக் கல்யாணம். நான் போவேன், மொய்யும் நானே எழுதுவேன். அம்மாவிடம் நீயும் ஒரு வார்த்தை சொல், நீ சொன்னால் கேட்பாள்.

பேரனுக்கு அடுத்த பல்லும் ஆடுகிறதாமே. ஞாயிற்றுக்கிழமை காட்டச் சொல். நான் அழ ஆரம்பித்தால் போனைப் பிடுங்காதே, அவன் பேசிக்கொண்டே இருக்கட்டும்.

தாகமாக இருக்கிறது, சொம்பை எடுக்கிறேன்.

அப்பா