சிங்கத்தை வாங்கியவர்களுக்கு

அமேசான் எம்.ஜி.எம். ஸ்டுடியோஸ் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். 2022இல் ஏறக்குறைய 850 கோடி டாலர் கொடுத்து, கர்ஜிக்கும் சிங்கத்தைச் சின்னமாகக் கொண்ட ஹாலிவுட் ஸ்டுடியோவான எம்.ஜி.எம்.மை (மெட்ரோ-கோல்ட்வின்-மேயர்) வாங்கினீர்கள். அப்போது எல்லோரும் ஜேம்ஸ் பாண்டைப் பற்றியே பேசினார்கள். மாதாமாதம் சந்தா கட்டுகிற உரிமையில் நான் வேறொன்றைக் கேட்கிறேன். அந்தப் பணத்துக்கு உங்கள் கைக்கு வராமல் போனது என்னென்ன?

1924இல் திரையரங்கு முதலாளி மார்கஸ் லோ மூன்று கம்பெனிகளைச் சேர்த்து உருவாக்கிய ஸ்டுடியோ அது. (பெயரின் நடுவில் இருக்கும் கோல்ட்வின் அந்தக் கம்பெனியில் ஒருநாளும் இருந்ததில்லை என்பது தனி வேடிக்கை.) கல்வர் சிட்டியில் அவர்கள் படமெடுத்த இடம் இன்று சோனியிடம். 1986க்கு முந்தைய எம்.ஜி.எம். படங்கள், தொலைக்காட்சி முதலாளி டெட் டர்னர் வழியாக வார்னர் பிரதர்ஸிடம் போய்விட்டன. உங்களிடம் வந்தது பெயரும் சிங்கமும், பிற்காலப் படங்களும், யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் போன்ற கம்பெனிகளிலிருந்து சேர்ந்தவையும்தான். பாண்டும் அப்படி வந்தவர்தான்.

இந்தச் சிதறலுக்குத் தொடக்கம் 1969. கம்பெனி கிர்க் கெர்க்கோரியன் என்ற கோடீஸ்வரரின் கைக்குப் போனது. அவருடைய கண் லாஸ் வேகாஸ் ஹோட்டல்மீது இருந்தது. மறு ஆண்டே உடைகள், அரங்கப் பொருட்கள் எல்லாவற்றையும் மொத்தமாக 15 லட்சம் டாலருக்கு ஓர் ஏலக்காரரிடம் தள்ளிவிட்டார்கள். ‘விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தின் சிவப்புக் காலணிகள் அந்த ஏலத்தில் 15,000 டாலருக்குப் போயின. அதே படத்தின் இன்னொரு ஜோடி 2024இல் 2.8 கோடி டாலருக்கு ஏலம் போனது. அதாவது, லாபக் கணக்குப்படி பார்த்தாலும் அது மோசமான வியாபாரம்.

காலணியாவது யாரோ ஒருவர் வீட்டில் பத்திரமாக இருந்தது. இசைக்குழுவுக்காக எழுதிய இசைத்தாள்களைக் குப்பையோடு குப்பையாகப் பள்ளத்தில் கொட்டி மூடிவிட்டார்கள். பிரிட்டனின் இசைக்குழு நடத்துநர் ஜான் வில்சன் பின்னாளில் படங்களின் ஒலியைக் காதால் கேட்டுக் கேட்டு, பல பாட்டுகளின் இசையை மறுபடி எழுத வேண்டியிருந்தது.

அப்புறம் இத்தாலியத் தொழிலதிபர் பாரெட்டி வந்தார், கடன் கொடுத்த பிரெஞ்சு வங்கி வந்தது, கெர்க்கோரியனே மூன்றாம் முறையாக வாங்கினார், சோனி கூட்டணி வந்தது, 2010இல் திவால் மனு. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கடனை எண்ணினார்கள். படப் பெட்டிகளை யார் எண்ணினார்கள்?

எம்.ஜி.எம்.மிலேயே நல்ல முன்னுதாரணமும் உண்டு. 1960களில் அதன் படக்கிடங்கு ஒன்று எரிந்து, பல மௌனப் படங்கள் அழிந்தன. அதே காலத்தில் ராஜர் மேயர் என்ற அதிகாரி, தீப்பற்றும் பழைய நைட்ரேட் சுருள்களிலிருந்து பாதுகாப்பான பிரதிகள் எடுக்க வைத்தார். மூலச் சுருள்கள் ஈஸ்ட்மன் ஹவுஸ் காப்பகத்துக்குப் போயின. கம்பெனி யார் கைக்கு மாறினாலும் காப்பகத்தில் இருப்பது அங்கேயே இருக்கும்.

நீங்களும் அதைச் செய்யுங்கள். உங்களிடம் உள்ள நெகடிவ், இசைத்தாள், திரைக்கதைப் பிரதி, ஒப்பந்தக் காகிதம் எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் வெளியிடுங்கள். ஓடாத படங்களையும் சேர்த்து, ஒரு பிரதியைப் பொதுக் காப்பகத்தில் ஒப்படையுங்கள். உங்கள் தளத்தில் இன்று இருக்கும் படம் அடுத்த மாதம் காணாமல் போவது எங்களுக்குப் பழகிவிட்டது. அந்தப் படம் வேறெங்காவது பத்திரமாக இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சந்தாதாரர்