பெலாங்லோ திருப்பம்

அன்பு சேகர்,

மூன்று மாதமாகப் பதில் இல்லை என்று இதற்குள் மணியிடம் என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். திட்டு, தப்பே இல்லை. இங்கே எல்லோரும் நலம். நீ மீசையை எடுத்துவிட்டாயாமே? போட்டோ வராமல் நம்ப மாட்டேன்.

போன ஞாயிறு சிட்னியிலிருந்து கான்பெரா போனேன். ஹியூம் நெடுஞ்சாலையில் பெலாங்லோ காட்டுக்குத் திரும்பும் இடத்தில் பலகையைப் பார்த்ததும் உன் பையன் ஞாபகம் வந்துவிட்டது. பையை மாட்டிக்கொண்டு வருவானாம், போகிற வண்டியில் லிஃப்ட் கேட்டு ஊர் சுற்றுவானாம். அன்றிலிருந்து மனசே சரியில்லை.

ஐவன் மிலாட் என்ற கொலைகாரனைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்கும். 1992, 1993-இல் அந்தக் காட்டில் அவன் கொன்ற ஏழு பேரின் உடல்களை எடுத்தார்கள். எல்லோரும் இளசுகள், ஊர் பார்க்கக் கிளம்பியவர்கள். ஆனால் என்னை உறுத்துவது வேறு. 1990 ஜனவரியில் ஒரு பிரிட்டிஷ் பையன் அவன் வண்டியில் ஏறியிருக்கிறான். ஓட்டியவன் தன் பெயர் பில் என்றானாம். கொஞ்ச தூரம் நன்றாகப் பேசிக்கொண்டு வந்தவன், பாட்டு கேசட் எடுக்க வேண்டும் என்று வண்டியை ஓரம் கட்டினான். கேசட்டுகள் சீட்டுக்கு நடுவிலேயே கிடப்பதைப் பையன் பார்த்துவிட்டான். அடுத்த நிமிஷம் துப்பாக்கி. பையன் பையையெல்லாம் விட்டுவிட்டு நெடுஞ்சாலையில் ஓடினான். பின்னாலிருந்து சுட்டும் நிற்கவில்லை. எதிரே வேனில் வந்த ஒரு பெண் நிறுத்தி, அவனை ஏற்றிக்கொண்டு போனாள். வேனில் குழந்தைகள் இருந்தும் நிறுத்தினாள் பார்!

பக்கத்து ஊரான பௌரலில் போலீஸிடம் பையன் புகார் கொடுத்தான். அந்தக் காகிதம் தொலைந்துபோனது. அந்த ஏழு பேரில் ஐந்து பேர் அதற்குப் பிறகு செத்தவர்கள், சேகர்.

1993 நவம்பரில் செய்தி கேள்விப்பட்டு, இங்கிலாந்திலிருந்து அவனே போன் செய்தான். வந்து குவிந்த தகவல்களுக்கு அடியில் அதுவும் மாதக்கணக்கில் கிடந்தது. 1994 ஏப்ரலில்தான் கண்ணில் பட்டது. சிட்னிக்கு வந்து, மே மாதம் படங்களில் மிலாட்டை அடையாளம் காட்டினான். அந்த மாதம் 22-ஆம் தேதி கைது. சுவர் இடுக்கில் துப்பாக்கிப் பாகங்கள், வீட்டில் செத்தவர்களின் சாமான்கள். 1996 ஜூலையில் ஏழு ஆயுள் தண்டனை. அந்தப் பையனைத் தாக்கியதற்குத் தனியாக ஆறு வருஷம். 2019-இல் சாகும்வரை மிலாட் குற்றத்தை ஒத்துக்கொள்ளவே இல்லை.

நாமும் ஒரு காலத்தில் கண்ட லாரியிலெல்லாம் ஏறியவர்கள்தான். அதனால் வராதே என்று பையனிடம் சொல்லாதே. லிஃப்ட் மட்டும் வேண்டாம், பஸ்ஸில் போகச் சொல். ஏதாவது தப்பாகத் தோன்றினால் பையை நினைக்காமல் ஓடச் சொல். புகார் கொடுத்தால் ஒரு நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளட்டும்.

விமானம் எத்தனை மணிக்கு என்று எழுது. நானே போய் அழைத்து வருகிறேன்.

உன்,
ரகு