கேப் டவுன்லேர்ந்து செல்விக்கு

அன்புள்ள செல்வி,

உன் மெயில் பாத்ததும் அவ்ளோ சந்தோஷம்டி, தீபா வேலைக்கே போக ஆரம்பிச்சுட்டாளா! இங்க எல்லாரும் சௌக்கியம், சின்னவனுக்கு இந்த வருஷம் மெட்ரிக் பரீட்சை, வீடே அமைதியா கிடக்கு.

வாஷிங் மெஷின் எது வாங்கலாம்னு கேட்டிருந்தியே, யோசிக்காம ஃப்ரண்ட் லோட் வாங்கு. டாப் லோட்ல துணி முங்கற அளவு தண்ணி நிக்கணும், இதுல டிரம் துணிய மேல தூக்கித் தூக்கிப் போட்டே துவைக்கறதால கொஞ்சம் தண்ணியே போதும். ஒண்ணு ரெண்டு துணிக்காக ஓட்டாத, நிறைய சேத்துப் போடு.

நான் இதுல இவ்ளோ பிடிவாதமா இருக்கறதுக்குக் காரணம் 2018 தான். மூணு வருஷமா மழை சரியாப் பெய்யாம டேம் எல்லாம் வத்தி, 'டே ஸீரோ' வந்தா குழாய அடைச்சிடுவோம்னு சொல்லி, பிப்ரவரி 1லேர்ந்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான்னு ஆக்கிட்டாங்க, குளிக்க சமைக்க துவைக்க டாய்லெட் எல்லாத்துக்கும் சேத்து. மெஷின் ஹோஸ பக்கெட்ல விட்டு அந்தத் தண்ணியதான் டாய்லெட்டுக்கு ஊத்துனோம். 2015ல ஒரு நாளைக்கு 120 கோடி லிட்டர் செலவு பண்ண ஊரு 50 கோடி பக்கம் வந்துச்சு செல்வி, ஜனங்க நினைச்சா முடியும்னு அப்ப கண்ணால பாத்தேன்.

துவைச்ச தண்ணிய நாமளே தூக்கும்போதுதான் அதுல என்னென்ன போகுதுன்னு தெரியும். ஒரு நாளுக்கு மேல வச்சா நாறிடும். பவுடர்ல இருக்கற சோடியம் மண்ண இறுக்கிடும், அதனால சோப்புத் தண்ணி டாய்லெட்டுக்கு, கடைசியா அலசுன தண்ணி மட்டும் எலுமிச்சை மரத்துக்குன்னு பிரிச்சோம், இன்னிக்கும் அப்படித்தான். பவுடரையும் பாதியாக்கினேன், துணி அதே மாதிரிதான் வெளுக்குது. வாசனைக்கு ஊத்தற அந்த லிக்விட சுத்தமா விட்டுட்டேன், அது நூல் மேல படலமாப் படிஞ்சு டவல் தண்ணிய உறிஞ்சாமப் போயிடும். பட்டுக்கு இருக்கவே இருக்கு நம்ம பூந்திக்கொட்டை, ஊருக்கு வந்தா மறக்காம வாங்கிட்டு வந்துடுவேன்.

எனக்கு ரொம்ப வருத்தம் பாலியஸ்டர் துணிதான். ஒவ்வொரு தடவை துவைக்கும்போதும் கண்ணுக்கே தெரியாத பிளாஸ்டிக் இழை உதிருது, துகளாவே கடலுக்குப் போற பிளாஸ்டிக்ல 35 சதவீதம் இந்த மாதிரி துணி துவைக்கறதுலேர்ந்துதான்னு 2017ல ஐயூசிஎன்ங்கற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்போட கணக்கு சொல்லுச்சு. நாங்க கடலுக்குப் பக்கத்துலயே இருக்கறவங்க, எப்படிடி சும்மா இருக்கறது? இனிமே முடிஞ்சவரை காட்டன்தான், பசங்களோட ஸ்போர்ட்ஸ் டிரஸ்ஸ மட்டும் பச்சைத் தண்ணில, சின்ன சைக்கிள்ல போடறேன்.

சுடுதண்ணி பட்டனத் தொடாத, மெஷின் இழுக்கற கரண்ட்ல பெரும்பகுதி தண்ணி சூடாக்கத்தான் போகுது, இங்க கரண்ட்டுக்கு எரியறதும் முக்கால்வாசிக்கு மேல நிலக்கரி. டிரையர் உனக்குத் தேவையே இல்ல, உங்க ஊரு வெயில் போதும். எங்களுக்கு ஜூன் ஜூலைல மழைனால துணி காயறது பெரும்பாடு, வீட்டுக்குள்ள ஸ்டாண்டுல போட்டு ரெண்டு நாள் ஆனாலும் பொறுத்துக்கறோம். இப்ப கோடை, தென்கிழக்குக் காத்து அடிக்கற அடில கிளிப் போடலைன்னா துணி பக்கத்து வீட்டுக்குப் போயிடும்!

அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் எப்பன்னு எழுதவே இல்லையே, தேதி முடிவானதும் உடனே சொல்லு, நான் அவங்ககிட்ட போன்ல பேசணும்.

அன்புடன்,
உன் வசந்தி