பாப்பா, இத அம்மாவுக்கு சத்தமா படிச்சுக்காட்டு

அம்மா,

நல்லா இருக்கியா. அப்பா, தம்பி, மேலவீட்டு பெரியம்மா எல்லாரும் சௌக்கியமா. ரெண்டு மாசமா ஒழுங்கா போன் பண்ணலன்னு எனக்கே தெரியும், வைய்யாத, ட்யூட்டி அப்படி. நீ இட்லிப்பொடி டப்பாவுக்குள்ள மடிச்சு வச்ச லெட்டர் வந்து சேந்துச்சு. நல்லெண்ணெ பாட்டில ஒழுங்கா மூடல போல, பாதி எழுத்து ஊறிப்போச்சு, ஆனா என்னைய திட்டுன இடம் மட்டும் பளிச்சுன்னு இருக்கு. போன்ல பேசுனா நீயும் அழுவ நானும் அழுவேன், அதான் டைப் பண்ணி பாப்பா நம்பருக்கு அனுப்புறேன். பாப்பா, எதையும் முழுங்காம படி.

இங்க அயர்லாந்துல குளிர் ஒன்னும் பெருசா இல்லம்மா. சாயங்காலம் நாலரைக்கே இருட்டிருது. மழ நம்ம ஊர் மாதிரி கொட்டித்தீத்துட்டு ஓயாது, நாள் முச்சூடும் தூத்தல் போட்டுக்கிட்டே கெடக்கும், ஒரு சுடிதார் காய மூணு நாளாகுது. ஹீட்டர் இருக்கு, ஆனா அதப் போட்டா எனக்கு தலவலி வருது, அதனால ரெண்டு ஸ்வெட்டர மாட்டிக்கிட்டு கம்பளிய போத்தி படுத்துர்றேன். சாப்பாடுதேன் கொடும. உருளக்கெழங்கு, அவிச்சா உருளக்கெழங்கு, மசிச்சா உருளக்கெழங்கு, சூப்புக்குள்ள கரண்டிய விட்டா அதுலயும் அதுதேன். முட்டக்கோஸயும் பன்னிக்கறியையும் ஒன்னா தண்ணியில வேகவச்சு எடுத்து வைக்கிறாங்க, மொளகா கேட்டா சிரிக்கிறாங்க. ஆனா நான் வேல பாக்குற முதியோர் ஹோம்ல மதியம் ஒரு தட்டு எனக்கும் கெடைச்சிரும், அது ஒரு சௌகரியம்.

பக்கத்து வீட்டுக் கிழவிய பத்தி போன்லயே சொன்னேன்ல, எண்பது தாண்டிருச்சு, தனிக்கட்ட, இந்த என்னிஸ் டவுன்லயே அதுக்குத்தான் வாய் ஜாஸ்தி. ராத்திரி படுக்கப்போறப்ப ஜன்னல் திண்டுல ஒரு சின்ன கிண்ணத்துல பால் வைக்கும். பூனைக்கான்னு கேட்டேன். இல்லையாம், 'நல்ல சனத்துக்கு'ன்னுச்சு, இங்கிலீஷ்ல ஃபேரின்னு சொல்ற மாய சனத்த இங்க அப்படித்தான் சொல்லுவாங்களாம். நாம ராத்திரியில பாம்புன்னு சொல்லாம பூச்சின்னு சொல்லுவோம்ல, அதே கதைதான், பேரச் சொல்லி கூப்டா வந்துருமாம். றெக்க வச்ச சின்ன தேவதைன்னு நெனச்சுக்காத, படத்துல காட்டுற மாதிரியெல்லாம் இல்ல இவங்க. மண்மேட்டுக்கு அடியில அரமனை கட்டிக்கிட்டு ராசா, ராணி, படைன்னு வாழுறாங்களாம், நம்மள விட அழகு, நம்மள விட கோவக்காரங்க. இரும்பு கண்டா ஆகாதாம். நம்ம ஆத்தா பச்சப்புள்ள தொட்டிலுக்கு கீழ அருவா வைக்குமே, அதச் சொன்னேன், கிழவி என் கையப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல.

லிமெரிக் போற ரோட்டுல லட்டூன்னு ஒரு இடம், அங்க ஒத்த முள்ளுமரம் நிக்குது, பஸ்ல போறப்ப நானே பாத்தேன். 1999ல பைபாஸுக்காக அத வெட்டப் பாத்தாங்களாம், எடி லெனிஹன்னு ஊர் ஊரா கதை சொல்ற மனுசன் ஒருத்தர் பேப்பருக்கு எழுதி, இது கெர்ரி நாட்டு நல்ல சனம் கொனாட் நாட்டு சனத்தோட சண்ட போடப் போறப்ப கூடுற மரம், வெட்டுனா ரோட்டுல உசுரு போகும்னு சொல்லி, கடைசியில மரத்த விட்டுட்டு ரோட்ட போட்டுட்டாங்க. 2002ல எவனோ வந்து கிளையெல்லாம் ரம்பத்தால அறுத்துப்போட்டான், திரும்ப துளுத்துருச்சு. நம்ம பக்கம் நாலுவழிச்சாலை போட்டப்ப எத்தன புளியமரம் போச்சு, ஒரு முனியும் ஏன்னு கேக்கல பாத்தியா.

போன வாரம் கிழவி சொன்ன கதைய உனக்குச் சொல்லியே ஆகணும். அந்த சனத்துல மிதிர்னு ஒரு ராசா, ஏடீன்னு ஒரு அழகிய கட்டிக்கிட்டான். மூத்தவ சும்மா இருப்பாளா, அவளும் மந்திரக்காரி, ஏடீன தண்ணியாக்கி, தண்ணி புழுவாகி, புழு ஈயாகி, அந்த ஈய காத்தடிச்சே வெரட்டிவிட்டுட்டா. கடைசியில ஒருத்தி குடிக்கிற கோப்பையில விழுந்து, அவ முழுங்கி, அவ வயித்துலயே மறுபடி பொண்ணா பொறந்தா. மொத பொறப்புக்கும் இந்தப் பொறப்புக்கும் 1012 வருசமாம், கணக்கு அம்புட்டு சுத்தமா சொல்லுது கிழவி. பழசெல்லாம் மறந்துபோய் மனுச ராசாவ கட்டிக்கிட்டா. யோஹின்னு பேரு, நம்ம காதுக்கு யோகின்னு கேக்கும், ஆனா சரியான சூதாட்டக்காரன். மிதிர் தேடி வந்து, வா போலாம்ங்கிறான். அவ என்ன சொன்னா தெரியுமா, என் புருசன் என்னைய விட்டுக்குடுத்தா வாரேன், இல்லேன்னா வரமாட்டேன்னுட்டா. அவன் போய் ராசாகூட காய் நகத்துற ஆட்டம் ஆடி, மொதல்ல வேணும்னே தோத்து தோத்து ஆச காட்டி, கடைசியில ஜெயிச்சு, ஏடீன ஒரு தடவ கட்டிப்பிடிச்சு முத்தம் குடுக்கணும்னு கேட்டுட்டான். ராசா கோட்டையச் சுத்தி படைய நிறுத்துறான். எல்லாரும் வாசலயே பாத்துக்கிட்டிருக்க அவன் நடுமண்டபத்துல நிக்கிறான், கட்டிப்பிடிச்சான், ரெண்டு பேரும் அன்னமா மாறி கூரை வழியா பறந்துட்டாங்க.

ராசா விடல, மேடு மேடா தோண்டுனான். தோண்டத் தாங்காம மிதிர் அவள மாதிரியே 50 பொம்பளைங்கள கொண்டாந்து நிறுத்தி, உன் பொண்டாட்டிய நீயே கண்டுபிடின்னான். அந்த ஆளு தப்பா கைகாட்டிட்டான்மா. கூட வாழ்ந்தவளத் தெரியல.

எனக்கு உடனே நீ சோறு ஊட்டுறப்ப சொல்ற தமயந்தி கதைதான் நெனப்பு வந்துச்சு. அதுலயும் அன்னம் வருது பாரு. நாலு தேவருங்க நளன் மாதிரியே வேஷம் கட்டி உக்காந்தும் கண்ணு இமைக்கிறது, மால வாடுறது, கால் தரையில படுறது எல்லாத்தையும் பாத்து அவ சரியா நளனப் புடிச்சா. அவகிட்ட மாலையக் குடுத்து நீ பாருன்னு விட்டாங்க, அதான். இங்க ஏடீன யாரும் ஒன்னும் கேக்கல, நீ யாருன்னு அம்பது பேர்ல அவளக் கேட்டிருந்தா அவளே சொல்லிருப்பா.

இத எதுக்கு இழுக்குறேன்னு உனக்குப் புரிஞ்சிருக்கும். பாப்பாவுக்கு பாத்த மாப்ளைக்கு பத்துக்கு எட்டு பொருத்தம் இருக்கு, தையில முடிக்கலன்னா ஏழு வருசம் தள்ளிப்போகும்னு ஜோசியர் சொல்லிட்டாருன்னு எழுதிருக்க. மாப்ள அத்த வீட்டுச் சொந்தம், அத்தைக்கு நம்ம வாய்க்கா ஓரத்து வயல் மேல எப்ப இருந்து கண்ணுன்னு சோழவந்தான் பஸ் ஸ்டாண்டுல நிக்கிற ஆளுக்குக்கூடத் தெரியும். ஜோசியர்கிட்ட அழச்சிட்டுப் போனது யாரு, அதையும் எழுதல நீ. லெட்டர ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாத்தேன், பாப்பா என்ன சொன்னான்னு ஒரு வரி இல்ல.

எனக்கும்தான் அவர் சொன்னாரு, இவ கடல் தாண்டுவான்னு. எல்லாரும் இப்ப பலிச்சிருச்சுங்கிறீங்க. அவர் சொன்னதுக்கு அப்புறந்தானம்மா அப்பா அந்த வயல அடகு வச்சு ஏஜென்ட்டுக்கு கட்டுனாரு? சொல்லாம இருந்திருந்தா வச்சிருப்பாரா? ராத்திரி தூக்கம் வராதப்ப இதத்தான் நெனச்சுக்கிட்டு கெடப்பேன். வருத்தமெல்லாம் இல்ல, சும்மா.

கிழவி இன்னொன்னும் சொன்னுச்சு, அந்த சனத்தோட அரமனைக்குள்ள தெரியாம போய்ட்டா ஒரு வாய்கூட சாப்பிடக்கூடாதாம், சாப்பிட்டா திரும்பி ஊருக்கு வரமுடியாதாம். சிரிச்சுட்டு வந்துட்டேன். வந்து உன் பொடிய எண்ணெ விட்டு கொழச்சு, இட்லி ஏது, பிரட்டுல தடவி வாயில வச்சேன், மூணு வருசமா இங்க எவ்வளவு தின்னிருப்பேன்னு தோணுச்சு. அன்னைக்கு சாப்பிட முடியல. கொடிக்கால் ஈர வாசம், நீ சாணி தெளிச்ச வாசல், காலையில வைகைப் பக்கம் வார காத்து... போதும், பாப்பா இந்த இடத்த வேணா வேகமா படிச்சிரு.

சரி, வேலைய பாப்போம். இந்த மாசம் பணம் ஒரு வாரம் லேட்டாகும், கொஞ்சம் கொறையும், இங்க பேங்குல ஏதோ மாத்துறாங்க, கவலப்படாத. சீட்டு கட்ட மேலவீட்டு பெரியம்மாகிட்ட கைமாத்து வாங்கிக்கோ, அத்தகிட்ட மட்டும் வாங்காத. ஏஜென்ட் பாக்கி முடியப்போகுது. அப்பா சுகர் மாத்திரைய ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டா மிச்சம்னு நெனச்சுக்கிட்டிருப்பாரு, நீ பக்கத்துல நின்னு போடவை. வயல் பத்திரம் எங்க இருக்குன்னு தம்பிக்குத் தெரியணும், யார் கேட்டாலும் அப்பா கையெழுத்து போடக்கூடாது, நான் பேசுற வரைக்கும். அத்த சனிக்கிழம தாம்பூலம் மாத்த வாரேன்னு சொல்லிருந்தா எனக்கு ட்யூட்டின்னு சொல்லி தள்ளிப்போடு, அக்கா இல்லாம எப்படின்னு சொல்லு, அதுக்கு யாரும் மறுத்துப் பேச முடியாது.

அடுத்த தடவ பொடியில பூண்டக் கொறச்சுப் போடு, பஸ்ல பக்கத்து சீட்டு ஆளு எந்திரிச்சுப் போயிட்டான். கிழவிக்கு ஒரு சின்ன டப்பா தனியா அனுப்பு, காரம் இல்லாம.

பாப்பா, பி.எட் இன்னும் ஒரு வருசம் பாக்கி இருக்கு, எனக்குத் தெரியும். அந்தப் பையன உனக்குப் புடிச்சிருக்கா இல்லையான்னு ராத்திரி எனக்கு தனியா மெசேஜ் போடு. அம்மாவ பக்கத்துல வச்சுக்கிட்டு போடாத.