காட்டுப் பாதை சைக்கிள் நிகழ்ச்சிகளுக்கு விதிமுறை தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தார் போடாத மலைப் பாதைகளில் அகன்ற டயர் பொருத்திய கிராவல் சைக்கிள்களில் கூட்டமாகச் செல்லும் ஆர்வம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பரவிவருகிறது. போடி மலையடிவாரத்தில் வசிக்கும் சைக்கிள் ஆர்வலன் என்ற முறையில் இதை மனதார வரவேற்கிறேன். ஆனால், மலையேற்றத்துக்கு இருப்பது போன்ற தெளிவான விதிமுறையை சைக்கிளுக்கும் வகுத்த பிறகே வனத்துறை இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு அனுமதி தர வேண்டும்.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீ, மலையேறச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. மலையேற்றத்துக்கு ஒழுங்குமுறை விதிகள் வந்தது அதன் பிறகுதான். 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 வழித்தடங்கள் அறிவிக்கப்பட்டன. இணையவழியில் பதிவு செய்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியுடன் செல்லலாம். சைக்கிளுக்கும் இப்படி ஓர் ஏற்பாடு வருவதற்கு இன்னொரு விபத்துக்காகக் காத்திருக்கக் கூடாது.

நடைப்பயணத்துக்கான விதிகளை அப்படியே சைக்கிளுக்குப் பொருத்திவிடவும் முடியாது. நடப்பவர்களுக்கு முன்னால் வழிகாட்டி செல்கிறார். சாணத்தின் ஈரத்தையும் முறிந்த கிளையையும் பார்த்து, யானை அருகில் இருப்பதை உணர்ந்து கூட்டத்தை நிறுத்துகிறார். சைக்கிளோ இறக்கத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தை எளிதில் தாண்டும், ஓசையும் எழுப்பாது. இருபுறமும் உண்ணிச்செடி ஆளுயரம் வளர்ந்து மறைத்திருக்கும் வளைவில், எதிரே நிற்கும் யானைக்கு சைக்கிள் வருவது தெரியாது. ஓட்டுபவருக்கும் யானை தெரியாது. சரளைக் கல்லில் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்குமே தவிர உடனே நிற்காது. ஒரே நேரத்தில் புறப்படும் நூறு பேர் சில கிலோமீட்டர் தூரத்துக்குச் சிதறிவிட்டால், எந்த வழிகாட்டியால் அவர்களைக் காக்க முடியும்?

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் எம்போரியா நகரைச் சுற்றி 2006 முதல் நடந்துவரும் 200 மைல் கிராவல் பந்தயம் உலகப் புகழ்பெற்றது. அங்கே பாதைகள் மேய்ச்சல் நிலங்களின் ஊடே செல்கின்றன; விடியலில் புறப்பட்டு இருட்டிய பிறகும் ஓட்டுகிறார்கள். விடியலும் அந்தியும் விலங்குகள் நடமாடும் வேளையாக உள்ள நம் காடுகளுக்கு அந்த வழக்கம் ஒத்துவராது. நாம் கற்க வேண்டியது இத்தாலியிடமிருந்து. டஸ்கனியின் வெண்ணிற மண் சாலைகள் தார்ச் சாலைகளாக மாறிவிடாமல் காக்கும் நோக்கத்துடன் 1997இல் தொடங்கப்பட்ட 'லெரோய்கா' சைக்கிள் நிகழ்ச்சி, அந்தச் சாலைகளையே அவ்வட்டாரத்தின் பெருமையாக்கிவிட்டது. இங்கும் நிகழ்ச்சியைக் காரணம் காட்டிப் பாதையை அகலப்படுத்துவதோ கான்கிரீட் கொட்டுவதோ கூடாது என்பதை விதியாகவே எழுத வேண்டும்.

காலமும் முக்கியம். மழையில் ஊறிய மண்ணில் நூற்றுக்கணக்கான டயர்கள் ஏறி இறங்கினால் தடங்கள் ஓடைகளாகிப் பாதை அரித்துப் போகும். பிப்ரவரி பாதியிலிருந்து புல் காய்ந்து தீப்பருவம் தொடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் அதற்குள் கிடைக்கும் சில வாரங்களே இதற்கு உகந்தவை.

புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகளையும் யானை வழித்தடங்களையும் முற்றிலும் விலக்கி, எஸ்டேட் சாலைகளையும் பழைய ஜீப் பாதைகளையும் மட்டும் தேர்ந்தெடுக்கலாம். பத்துப் பேருக்கு மிகாத குழுக்களாகப் பிரித்து இடைவெளி விட்டு அனுப்ப வேண்டும். காலை 8 மணிக்குப் பிறகு தொடங்கி மாலை 4 மணிக்குள் முடிக்க வேண்டும். இறக்கங்களில் நேரக் கணக்கு கூடாது. வேகத்துக்குப் பரிசு இருக்கும்வரை வளைவில் எவரும் வேகத்தைக் குறைக்க மாட்டார்கள். ஒவ்வொரு குழுவுடனும் சைக்கிள் ஓட்டப் பயிற்சி பெற்ற பழங்குடி இளைஞர் ஒருவர் செல்ல வேண்டும். கட்டணத்தில் ஒரு பங்கு, தீத்தடுப்புக் கோடுகளை வெட்டிப் பராமரிக்கும் தொழிலாளர்களுக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும் சேர வேண்டும்.

இந்த விதிகளை ஐப்பசிக்குள் வனத்துறை வெளியிட்டால், வரும் தை மாதத்திலேயே முதல் நிகழ்ச்சியை முறையாக நடத்தலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
போடிநாயக்கனூர்.